அத்தைப் பங்கு

மண்டி மொஹல்லா,
மைசூர்,
ஜூன் 17.

அன்பு மகன் மனோஜ்குமாருக்கு அப்பா எழுதுவது. சாமுண்டித் தாய் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சௌக்கியம், உன் தங்கை தாரணி, மாப்பிள்ளை பசவராஜ், குழந்தை மனிஷா மூவரும் சௌக்கியம், என் சர்க்கரை மட்டும்தான் ஏறுவதும் இறங்குவதுமாக விளையாட்டுக் காட்டுகிறது. அந்தக் குளிர் தேசத்தில் உனக்கு ஒரு குறையும் வராமல் அதே தாய் பார்த்துக்கொள்ளட்டும். போனை எடுத்தால் முகம் பார்த்துப் பேசலாம், இந்தக் காலத்தில் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். சிலோனிலிருந்து திரும்பி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, நீயும் வாரம் தவறாமல் கூப்பிடுகிறாய், நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இந்தா உன் பிள்ளை என்று அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று தாரணியிடம் கேட்டாயாம். ஒன்றும் ஆகவில்லை, கோபம்தான். உன்மேல் பாதி, என்மேல் பாதி. அதைப் போனில் சொல்ல வரவில்லை, போனை எடுத்தால் மனம் ஒன்று நினைக்க வாய் ஒன்று சொல்லுகிறது. நீ கன்னட மீடியத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். கன்னடத்தில் எழுதினால் அங்கே டப்ளினில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் ஓட்டமாகப் படித்து மடித்துவிடுவாய். இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும்.

பயணத்தை முதலிலிருந்தே சொல்லுகிறேன். மே பத்தாம் தேதி பெங்களூரில் ஃபிளைட் ஏறினோம். அத்தையைப் பார்க்கப் போகிறோம், அப்படியே குழந்தைக்குக் கடலையும் காட்டிவிடலாம் என்று தாரணி கொழும்புக்குத் தெற்கே கடற்கரையில் மூன்று நாள் ஹோட்டல் போட்டிருந்தாள். உன் அம்மா மலையடிவாரத்து ராமாபுரத்துக்காரி, கண்ணம்பாடி அணையைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்தவள் இல்லை. ஏனுங்க, இதுக்கு அந்தப் பக்கம் கரையே இல்லீங்களா என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி அலை வந்தால் பின்னால் ஓடுவதும் அலை போனால் முன்னால் வருவதுமாக ஒரு மணி நேரம் கழித்தாள். நம் தெருவில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் நடக்கிற மாப்பிள்ளை பூப்போட்ட அரை நிக்கரில் வந்து நின்றார், நான் இளநீர்க் காயைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் ரூமில் உனக்கென்று ஒரு கட்டில் கூடுதலாகப் போடச் சொல்லியிருந்தாள் தாரணி. நீங்க முன்னாடி போங்கப்பா, நான் ரெண்டு நாள் பின்னாடி நேரா கொழும்புக்கு வந்துடறேன் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா. இரண்டாம் நாள் சாயங்காலம் உன் போன் வந்தது, ஆபீசில் ஏதோ வேலை முடியவில்லை, லீவை ரத்து செய்துவிட்டார்கள் என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. பரவால்லப்பா, ஒண்ணும் அவசரமில்ல, நீ வேலையப் பாரு என்றேன். சொல்லிவிட்டு வந்து பார்த்தால் உன் அம்மா உன் கட்டிலில் விரித்த போர்வையை எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்தக் கட்டிலில் ஈரத் துணியைக் காயப் போட்டோம்.

ஹட்டனுக்குப் போவதற்கு முன்னால் உனக்குப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துண்டு துண்டாகக் கேட்டிருப்பாய், முழுசாக உட்கார்ந்து நான் சொன்னதில்லை. ஹட்டனுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் நான்கு பேர், உன் தாத்தா, அப்பாயி, உன் பொன்னம்மா அத்தை, நான். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு எங்களை இந்தியாவுக்கு அனுப்புவதாகக் காகிதம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது, அத்தைக்குப் பதினேழு. ஆனால் தோட்டத்துப் பேரேட்டில் அவளுக்குப் பத்தொன்பது என்று இருந்தது. அந்தக் காலத்தில் லயத்து வரிசை வீடுகளில் இது சகஜம், பிள்ளைக்கு இரண்டு வயதைக் கூட்டிச் சொன்னால் சீக்கிரம் பெரியாள் பேர் பதிந்து முழுச் சம்பளத்துக்குக் கொழுந்து எடுக்க அனுப்பலாம். பதினைந்து வயதில் பதினேழு என்று எழுதியது, இரண்டு வருஷம் கழித்து வந்து காலை வாரிவிட்டது. பதினெட்டுக்குக் கீழே இருந்தால்தான் தாய் தகப்பனோடு ஒரே குடும்பக் கார்டில் வரலாம், அதற்கு மேலே போனால் தனி ஃபாரம், தனி உத்தரவு. கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை, ஆறு மாதத்தில் அவளுக்கும் வந்துவிடும் என்றார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் வழியாக அக்கா ஒரு பொட்டலம் நீட்டினாள், தேங்காய் ரொட்டி. நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேன் என்றாள். தாத்தா அவளிடம், ஒண்ணும் அவசரமில்லம்மா, நிதானமா வா என்றார்.

ராமானுஜம் கப்பலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தால் நான்கு ரொட்டி. போகிறவர்கள் மூன்று பேர்தான், ஆனால் நான்கு பேருக்குச் சுட்டே பழகிய கை. நாலாவதை நான் எடுக்கப் போனேன், அப்பாயி என் கையில் ஒன்று போட்டு, அது அக்கா பங்கு என்றாள். மண்டபம் முகாமில் அது பூசணம் பூத்த பிறகும் வெளியே எறிய விடவில்லை. அப்புறம் இந்தக் கன்னட நாட்டில் சுள்ளியா ரப்பர்த் தோட்டம், தாத்தாவின் இருமலுக்கு அந்த மழை ஒத்துக்கொள்ளாமல் மைசூர், மண்டி மொஹல்லா, எங்கே போனாலும் ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுட்டால் முதல் ரொட்டி அக்காவுக்கு என்று தட்டுப் போட்டு மூடி வைப்பாள், சாயங்காலம் வரை பார்த்துவிட்டு என்னிடம் தருவாள். நீங்கள் பிறந்த பிறகு அது அத்தைப் பங்கு ஆயிற்று. அதற்காக நீயும் தாரணியும் அடித்துக்கொண்டு ஒருமுறை தட்டையே உடைத்தீர்கள். அது என்ன வழக்கம் என்று நீங்கள் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. எதிர்வீட்டு மல்லம்மாகூட, இது அக்கி ரொட்டியும் இல்லை, சப்பாத்தியும் இல்லை, உங்கள் ஜாதி ரொட்டியா என்று கேட்டாள்.

சரி, ஹட்டனுக்கு வருகிறேன். அத்தை மகன் பரத் வேன் வைத்து ஓட்டுகிறான், ஆறு வருஷத்துக்கு முன் ஃபேஸ்புக்கில் நம்மைத் தேடிப் பிடித்தானே, அவனேதான் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போனான். மழைத் தூறல். லயத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள், வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் வாராவாரம் பார்க்கிற முகம்தானே, என்ன பெரிதாக இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், வேன் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். அவள் என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை, என் தலையைக் குனிய வைத்து முடியை விலக்கிப் பார்த்தாள். நான் சின்ன வயதில் தண்ணீர்ப் பீலியில், அந்த ஊற்றுக் குழாயடியில், விழுந்த தழும்பு உச்சந்தலையில் இருக்கிறது, அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான், எங்க பாலன்தான், வா உள்ள என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதோம், எவ்வளவு நேரம் என்று தெரியாது. மனிஷா மிரண்டு போய், தாத்தங்கெ ஏனாய்த்து, தாத்தாவுக்கு என்ன ஆச்சு என்று கன்னடத்தில் அவள் அப்பாவைக் கேட்டாள்.

உன் அம்மாவின் நிலைமையைக் கேள். முப்பத்தைந்து வருஷம் நாத்தனார் வாய்க்கு அகப்படாமல் தப்பித்தவள், ஒரே நாளில் அகப்பட்டாள். இவள் தட்டிய ரொட்டியை அக்கா தூக்கிப் பிடித்து, இது ரொட்டியா, அம்மிக் கல்லாடி என்றாள். அம்மா முகம் சுருங்கியது, ஆனால் ராத்திரிக்குள் இரண்டு பேரும் ஒரே போர்வையில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் புகார் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழே தெரியாத மாப்பிள்ளைதான் அக்காவுக்கு ரொம்பப் பிடித்தவர், அவர் கன்னடத்தில் சொல்வார், அவள் தோட்டத்துத் தமிழில் பதில் சொல்வாள், இரண்டு பேரும் எதற்கோ சிரிப்பார்கள். ஆனால் வந்த அன்றைக்கே, பெரியவன் எங்கடா என்று கேட்டுவிட்டாள். அவனும் ஒரு தீவிலதான்க்கா இருக்கான், குளிர் தீவு, லீவு கிடைக்கல என்றேன். உன் போட்டோவை போனில் பெரிதாக்கிக் காட்டினேன். இடது கண்ணில் புரை மூடிவிட்டது, வலது கண்ணும் பாதிதான். பக்கத்தில் வைத்தாள், தள்ளி வைத்தாள், ஒரு வெளுப்புதான்டா தெரியுது, பையன் தெரியல, ஆள் கிட்ட வந்தா கையால தடவிப் பாத்துக்குவேன் என்றாள். ஆபரேஷன் செய்யலாம் என்று பரத் சொல்கிறான், அவள்தான் பயப்படுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அடுப்படியில் ரொட்டி சுட்டாள், நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சுட்ட முதல் ரொட்டியை எங்கள் யாருக்கும் தரவில்லை, எடுத்து ஒரு தட்டில் வைத்து மேலே இன்னொரு தட்டைப் போட்டு மூடினாள். உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அது யாருக்கு அண்ணி என்று அம்மா கேட்டதற்கு, தம்பி பங்கு, இத்தன வருசமா எடுத்து வெச்சுப் பழகிப்போச்சு, இன்னைக்குத் தம்பியே எதிர்ல உக்காந்திருந்தும் கை தானாப் போவுது பாரு என்றாள். கடலுக்கு அந்தப் பக்கம் அவள் எனக்கு எடுத்து வைத்திருக்கிறாள், இந்தப் பக்கம் நாங்கள் அவளுக்கு எடுத்து வைத்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாது. நான் சொன்னேன், அக்கா, உன் பங்கு எங்கள் வீட்டில் ஒருநாளும் வீணாகவில்லை, என் பிள்ளைகள் இரண்டும் அதற்காக அடித்துக்கொண்டு தட்டை உடைத்தன என்றேன். அப்படிச் சிரித்தாள், இருமல் வந்து தாரணி முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. இவ ஒருத்தி தின்னவ, வந்து நிக்கிறா, என் பங்கத் தின்னு வளந்த இன்னொருத்தன் எங்கடா, அவனக் கொண்டாந்து நிறுத்து என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான் தட்டோடு எழுந்து கையைக் கழுவப் போனேன்.

அன்று மத்தியானம் நானும் அவளும் மட்டும் இருந்தபோது, வெகுநாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். கேட்டேன் என்ன, மன்னிப்புக் கேட்டேன். அக்கா, அப்பா சம்பளத்துக்கு ஆசைப்பட்டு உன் வயசைக் கூட்டினதாலதானே நீ இங்க தனியா நின்னுட்ட, அவருக்காக நான் கேக்கறேன், மன்னிச்சுடு என்றேன். உனக்கு இது தெரியாது மனோஜ், அவள் உத்தரவு வரும் வரும் என்று பார்த்திருந்து, கலவரத்தில் கப்பலே நின்று போனபோது எனக்கு இருபது வயது, இனி அக்கா வரமாட்டாள் என்று தெரிந்ததும் உன் தாத்தாவைப் பிடித்துக் கத்தினேன், பெத்த பிள்ளைய ரெண்டு வயசுக்கு வித்துட்டீங்களே என்று கேட்டேன். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. அப்புறம் பேசினேன், ஆனாலும் பழைய மாதிரி இல்லை. நான் சொன்னதைக் கேட்டு அக்கா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள், அப்பா எங்கடா கூட்டுனாரு, நான்தான் கூட்டுனேன். அப்பாவுக்கு அப்போதே மார்ச்சளி, பனியில் மலையேறி விழுந்து விழுந்து இருமுவார். அவர் வீட்டில் இருக்கட்டும், நான் முழு ஆளாகப் போகிறேன் என்று அக்காவே கணக்கப்பிள்ளையிடம் போய்ப் பதினேழு என்று சொல்லிப் பேர் பதிந்துவிட்டு வந்திருக்கிறாள். இந்தியாவுக்குப் போகிற காகிதம் வந்த பிறகுதான் அப்பாவுக்கே தெரிந்திருக்கிறது. அப்பா காலைப் பிடிச்சு அழுதேன்டா, அவரு அம்மா கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லிக்கிறேன், உன் பேரு இதுல வரவேணாம்னு சொன்னாரு என்றாள்.

நான் இத்தனை வருஷம் அந்த மனுஷனை என்ன பாடுபடுத்தினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, சொல்லவே இல்லையே, மகளைக் காட்டிக்கொடுக்காமல் மகன் திட்டுவதை வாங்கிக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். எனக்கு வெளியே எழுந்து போய் மழையில் நிற்க வேண்டும்போல் இருந்தது, போய் நின்றேன், உன் அம்மா குடை எடுத்துக்கொண்டு வந்து என்ன கேட்டும் நான் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்லுகிறேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குத் தாத்தா ஸ்டேஷனில் ஒண்ணும் அவசரமில்லம்மா என்று சொன்னார், அவர் வயிறு எப்படி எரிந்திருக்கும். அதையேதான் நானும் உன்னிடம் போனில் சொன்னேன். நம் வீட்டு ஆண்களுக்கு இது ஒரு வியாதி. வா என்று கூப்பிட வேண்டிய இடத்தில் பரவாயில்லை என்போம், அப்புறம் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். ஆபீசில் லீவு தராததற்கு நீ என்ன செய்வாய், நான் உன்மேல் கோபப்பட்டது தப்பு. ஆனால் மூன்று வருஷமாகிறது மனோஜ் உன்னைப் பார்த்து. உன் குரலை வைத்துத்தான் நீ இளைத்தாயா பெருத்தாயா என்று உன் அம்மா கண்டுபிடிக்கிறாள். நீ போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு பங்கு எடுத்து வைக்கிறாள், ஒன்று அத்தைக்கு, ஒன்று உனக்கு. சாயங்காலம் அத்தைப் பங்கை மனிஷா வந்து தின்றுவிடுவாள், உன் பங்கை நான்தான் தின்கிறேன். மைதா மாவைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நான் கேட்பதில்லை. சர்க்கரை ஏறினால் அதற்கு நீதான் பொறுப்பு.

கிளம்புகிற அன்று அதே ஹட்டன் ஸ்டேஷன். அக்கா பொட்டலம் கொண்டுவந்திருந்தாள், இந்தத் தடவை சரியாக எண்ணித்தான் கட்டினாளாம். நான் மைசூருக்கு வாக்கா என்றேன். வர்றேன் என்று சொல்வாள் என்று பார்த்தால், அவள் என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, பின்னாடி வர்றேன்னு ஒரு தடவை சொன்னதுக்கு அம்பத்திரண்டு வருசம் ஆயிருச்சு, இனிமே அந்த வார்த்தையச் சொல்ல மாட்டேன், தேதியச் சொல்லு என்றாள். ரயில் கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு எப்படிப் புரிந்ததோ, தசரா, அத்தே, தசரா என்றார். தசராவுக்கு வருவதாக அங்கேயே முடிவாயிற்று. பரத் போன வாரம் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டான், அதிலும் அந்த இரண்டு வயது கூடுதல்தானாம், கெழவியாகறதுலயும் நான் ரெண்டு வருசம் முந்திட்டேன் என்று போனில் சிரிக்கிறாள். செப்டம்பர் இருபத்தைந்து வியாழக்கிழமை டிக்கெட். கண்ணை இங்கே மைசூரிலேயே காட்டிவிடலாம் என்று சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோ உள்ளே வருவதில்லை, அரிசி மூட்டையைத் தெருமுனையிலிருந்து மாப்பிள்ளைதான் தூக்கிவந்தார். மல்லம்மா மகளுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நீ அங்கே குளிரில் தலைக்குக் குல்லா போடாமல் போகிறாய் என்று போட்டோவில் பார்த்தேன், உன் தாத்தாவுக்கு இருந்த மார்ச்சளி வம்சத்தில் இருக்கிறது, ஜாக்கிரதை. அம்மா கொடுத்தனுப்பிய சுக்குப்பொடியைத் தூக்கி எறிந்திருந்தால் உண்மையைச் சொல், வேறு அனுப்புகிறேன். சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிடாதே.

கடைசியாக ஒன்று. செப்டம்பர் இருபத்தெட்டு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அத்தை, அம்மா, நான், தாரணி, மாப்பிள்ளை, மனிஷா, நீ, ஏழு பேர். ஏழு ரொட்டி சுட்டு ஏழையும் சுடச்சுடத் தின்றுவிட வேண்டும், ஒன்றைக்கூட யாருக்கும் எடுத்து மூடி வைக்கக் கூடாது. என் ஆயுசில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒன்பது வயதுக்கு அப்புறம் நான் பார்க்கவில்லை. இப்போது ஜூன்தான், லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு. அவசரமில்லை என்று அன்றைக்குப் போனில் சொன்னேனே, அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவசரம்தான். அத்தையின் கண்ணுக்கு அவசரம், உன் அம்மாவுக்கு அவசரம், எனக்கு எல்லோரையும்விட அவசரம்.

நீ நோய் நொடியில்லாமல் நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதமும் அம்மாவின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய், இந்தத் தடவை அம்மாவிடம் கொடுக்க மாட்டேன், நானே பேசுகிறேன். பார்க்கிறேன்ப்பா, வர்றேன்ப்பா என்று மட்டும் சொல்லாதே. தேதியைச் சொல்லு.

உன் அப்பா,
பாலன்